ஓடலாம் என்று நான் சொன்ன இரண்டு வாரங்கள்

இந்த வருடம் பிசியோதெரபி பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். முப்பத்து நான்கு வருடம் இதே வேலையில் இருந்தவளுக்கு எழுத நிறைய இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். பாலக்கரை வீட்டில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, குணமாகிப் போனவர்களின் முகங்கள் எல்லாம் கலங்கலாகத்தான் வந்தன. ஒரே ஒரு முகம் தெளிவாக வந்தது. அவர் விஷயத்தில் நான் தவறு செய்தேன். அதையே எழுதுகிறேன். எந்தப் பயிற்சி, எத்தனை முறை என்பதெல்லாம் இதில் இருக்காது. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வைதேகி என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் பார்த்தபோது நாற்பத்து நான்கு வயது. ஒல்லியான தேகம், மூக்குத்தி, பின்னி மடித்துக் கட்டிய கூந்தல். இவர் முப்பது கிலோமீட்டர் ஓடுவார் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நவம்பர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்தார். ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான், நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஏழு வாரம் இருந்தது.

"இங்கே வலிக்கறது" என்று வலது தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில் விரலை வைத்துக் காட்டினார். "பத்து நாளா. ஓட ஆரம்பிக்கறச்சே இருக்கு. கொஞ்ச நேரத்துல பழகிடறது."

கையில் எக்ஸ்ரே இருந்தது. வேறொரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். எலும்பில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது. நான் தொடையின் உள்பக்கத் தசையை அழுத்திப் பார்த்தேன். இறுகியிருந்தது, அழுத்தினால் வலித்தது. தசைப்பிடிப்பு என்று முடிவு செய்ய எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"ஓடலாமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதம் இன்னும் காதில் இருக்கிறது. பரீட்சை முடிவைக் கேட்கும் குரல் அது. கண்ணை என் வாயின் மேலேயே வைத்திருந்தார்.

"ஓடலாம் டீச்சர். தூரத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க, வேகம் வேண்டாம். வாரம் ரெண்டு தடவை இங்க வாங்க, சரி பண்ணிடலாம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. என் முகமும்தான்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லூரியில் நான் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடினவள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போக ஒன்பது நாள் இருந்தபோது பயிற்சியில் முழங்கால் திருகிக்கொண்டது. பட்டைத் துணி கட்டி மூன்று வாரம் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான் அன்றைய வைத்தியம். அணி ஏறிய பஸ் கல்லூரி கேட்டைத் தாண்டித் திரும்புவதை ஹாஸ்டல் வராந்தாவில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு நான் ஓடவே இல்லை. அந்தக் காலுக்காகத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன் என்று சொன்னால் கேட்க அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. மருத்துவத்துக்கு மார்க் போதவில்லை, வந்தேன். ஆனால் ஓட்டக்காரர் ஒருவர் கட்டிலில் வந்து உட்கார்ந்தால் என் கை சற்று அதிகமாகவே மென்மையாகிவிடும். அதை நான் அப்போது ஒரு குறையாக நினைத்ததில்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் வைதேகி நான்கு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் "தேவலை" என்பார். நானும் "தேவலை" என்று குறிப்பில் எழுதுவேன். அவர் எத்தனை கிலோமீட்டர் ஓடினார் என்று நான் கேட்பேன். எங்கே ஓடினார், வழியில் வெளிச்சம் எப்படி இருந்தது, மூச்சு எப்படி இருந்தது என்றெல்லாம்கூடக் கேட்பேன். சிகிச்சைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்குக் கேட்க வேண்டும்போல இருந்தது, கேட்டேன்.

கேட்காதவை எவை என்று பிற்பாடு ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். என்ன சாப்பிடுகிறீர்கள்? ஏகாதசி அன்று உபவாசத்தோடு ஓடுகிறீர்களா? மாதவிலக்கு ஒழுங்காக இருக்கிறதா? ஓடாத நேரத்தில் வலிக்கிறதா? படுத்திருக்கும்போது? நாலாவது தடவை வந்தபோது கட்டிலில் ஏறிப் படுக்க, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி மேலே வைத்தார். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, டவலை எடுக்கத் திரும்பினேன்.

ஐந்தாவது தடவை அவர் கணவர் கூட வந்தார். வங்கியில் வேலை, அதிகம் பேசாதவர். எப்போதும் கீழே காரிலேயே இருந்துவிடுவார். அன்று மழை, அதனால் மேலே வந்தார். வைதேகி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில் என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"மேடம், வலி குறைஞ்சுண்டு வரதுன்னு சொல்றா. ஆனா தூக்கத்துல புரண்டு படுத்தா முனகறாளே, அது எதனால?"

"என்ன சொல்லிண்டிருக்கேள் அங்கே?" என்றார் வைதேகி அங்கிருந்தே.

அவர் வாயை மூடிக்கொண்டார். போதும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

வைதேகியைப் படுக்க வைத்தேன். முழங்காலை மடித்து, காலை மெதுவாக, மிக மெதுவாக உள்பக்கம் திருப்பினேன். பாதி தூரம் போவதற்குள் அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் வெளுத்துப் போயிற்று.

அது தசை இல்லை. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி. தினமும் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து விழுந்து, மயிரிழையாக விரிசல் விடும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. அந்த விரிசலோடு ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் எலும்பு முழுக்க உடைந்து விலகும். அப்புறம் அறுவை சிகிச்சை, பிளேட், சில பேருக்கு இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டி வரும். புத்தகத்தில் படித்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. இரண்டு வாரம் முன்னால் அதில் ஒரு வரிகூட வரவில்லை.

"டீச்சர், இன்னைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்துடணும்" என்றேன். "எலும்புல விரிசல் இருக்கும்னு பயப்படறேன். ஸ்கேன் பாக்கற வரைக்கும் ஓடக் கூடாது. நடக்கறதுக்கும் ஊன்றுகோல் வேணும்."

"ஞாயித்துக்கிழமை முப்பத்திரண்டு கிலோமீட்டர் இருக்கே" என்றார் அவர். "அதுதான் பெரிய ஓட்டம். அது ஆயிடுத்துன்னா அப்புறம் தூரத்தைக் குறைக்கற வாரங்கள்தான். திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்துக்கறேனே?"

"அந்த முப்பத்திரண்டுலயே உடைஞ்சுடலாம்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "நீங்கதானே ஓடலாம்னு சொன்னேள்?"

அந்த இடத்தில் ஒரு கணம் எனக்கு இரண்டு வழி இருந்தது. எக்ஸ்ரேயைக் காட்டித் தப்பித்திருக்கலாம். நீங்கள்தான் 'தேவலை' என்று சொன்னீர்கள் என்றிருக்கலாம். இரண்டும் பொய்யும் இல்லை. உங்களுக்கும் அப்படி ஒரு கணம் வரும். அப்போது வாயில் முதலில் வருவதைச் சொல்லாதீர்கள்.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றேன். "அது தப்பு. இன்னைக்குத் தெரிஞ்சதை முதல் நாளே கேட்டிருக்கணும். நான் கேக்கல."

நான் நீட்டிய ஊன்றுகோலை வாங்கி, சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். படியில் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக. கணவர் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

மறுநாள் சனிக்கிழமை மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. கணவரின் நம்பர் எங்களிடம் இல்லை. அதையும் நாங்கள் வாங்கி வைத்திருக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, படித்தவர், அவர் பாடு என்று விட்டுவிடலாம்தான். தவறு அவருடையதாக இருந்திருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கெல்லாம் ஸ்கூட்டரை எடுத்தேன். மெயின்கார்டு கேட் வழியாகப் போய்க் காவேரிப் பாலம் ஏறி, மாம்பழச் சாலை தாண்டி அம்மா மண்டபம். அவர் எங்கிருந்து ஓடத் தொடங்குவார் என்பது எனக்குத் தெரியும். வேண்டாததை எல்லாம் கேட்டு வைத்திருந்தேனே, அதில் இது ஒன்று. பூக்கடைகள் திறந்திருந்தன. குளிக்க வந்தவர்கள் படித்துறையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ரோட்டோரம் நின்று காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து மணிக்கு வைதேகி வந்தார். ஓடுகிற உடுப்பு, இடுப்பில் தண்ணீர் பாட்டில். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீங்க எதுக்கு வந்தேள்?"

"ஓடாதீங்கன்னு சொல்ல."

"வெள்ளிக்கிழமையே சொல்லியாச்சே."

"நேத்து போன் எடுக்கலையே நீங்க."

"எடுத்தா கேக்க வேண்டியிருக்கும்" என்றார்.

கூட ஓடுகிறவர்கள் கூப்பிட்டார்கள். "நீங்க போங்கோ, வந்து சேந்துக்கறேன்" என்று கையை ஆட்டினார். அவர்கள் கிளம்பிப் போனார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் அவர்களுடைய முதுகுகள் சின்னதாகிக்கொண்டே போவதை, கடைசி ஆள் திரும்புகிற வரைக்கும் வைதேகி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே பேசத் தொடங்கினார்.

"எங்க மாமியார் எட்டு வருஷம் படுக்கையில இருந்தார். நான்தான் பாத்துண்டேன். நல்ல மனுஷி, ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கார்த்தால அவர் எழுந்துக்கறதுக்கு முன்னாடி எனக்கு இருபத்தஞ்சு நிமிஷம் கிடைக்கும். நடந்தா ராஜகோபுரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பலாம். ஓடினா இங்கே வரைக்கும் வந்து, காவேரியை ஒரு தரம் பாத்துட்டுப் போயிடலாம். அதுக்காகத்தான் ஓட ஆரம்பிச்சேன். உடம்புக்காக எல்லாம் இல்லே."

படித்துறைப் பக்கம் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"அவர் பரமபதிச்சு மூணு வருஷம் ஆறது. இப்போ யாரும் என்னைத் தேட மாட்டா. ஆனா இந்த இடம் வந்தா கால் தானா வீட்டுப் பக்கம் திரும்பறது. நாப்பத்திரண்டு கிலோமீட்டர்னா, நடுவுல மணி பாக்க வேண்டாம். திரும்ப வேண்டாம். போயிண்டே இருக்கலாம். அது எப்படி இருக்கும்னு ஒரே ஒரு தரம் பாக்கணும் எனக்கு. அவ்வளவுதான்."

இப்போது நான் என்ன சொல்ல முடியும்? விரிசலைப் பற்றி மறுபடியும் சொல்லலாம். அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வந்திருக்கிறார்.

"நீங்க ஓடணும்னு உங்களைவிட நான் ஆசைப்பட்டேன் டீச்சர்" என்றேன். "நான் காலேஜ்ல ஓடினவ. முட்டி போயிடுச்சு. போட்டிக்கு பஸ் கிளம்பிப் போனப்ப நான் வராந்தாவுல நின்னேன். நீங்க வந்து ஓடலாமான்னு கேட்டப்ப, எனக்கு உங்க கால் கண்ணுலயே படல. நானே ஓடப் போற மாதிரி இருந்துச்சு. அதனாலதான் ஓடலாம்னேன். நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே அந்த பதில் என்கிட்ட இருந்துச்சு."

அவர் திரும்பி முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் நீங்க ஓடினேளா?"

"இல்ல."

"ஒரு தரம்கூட?"

"பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடினதில்ல. முட்டி நழுவும்."

"எத்தனை வருஷம்?"

"முப்பதுக்கு மேல ஆச்சு."

படித்துறையில் யாரோ முங்கி எழுந்து 'ரங்கா ரங்கா' என்றார்கள். வைதேகி இடுப்பிலிருந்த பாட்டிலைக் கழற்றினார். பக்கத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. அதுவரை நின்றுகொண்டிருந்ததே பிடிவாதத்தில்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கணவருக்குப் போன் செய்தோம். ஐந்தே நிமிடத்தில் கார் வந்துவிட்டது. சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்திருந்தார் மனிதர்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேனில் எலும்பின் கழுத்தில், கீழ்ப்பக்கமாக, விரிசல் தெளிவாகத் தெரிந்தது. பாதி அகலம் வரை வரவில்லை. அதனால் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஆறு வாரம் வலது கால் தரையில் பாரம் தாங்கக் கூடாது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக என்று சொன்னார் எலும்பு டாக்டர். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகவும் குறைவு. மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. காபியை மட்டும் குடித்துவிட்டு ஓடப் போவது வழக்கமாம். எல்லாம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

வைதேகியை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் என்னிடம் கேட்டார்: "யார் கண்டுபிடிச்சது?"

"அவங்க வீட்டுக்காரர் சார். நான் ரெண்டு வாரம் லேட்."

அவர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். "இன்னைக்கு அந்த முப்பத்திரண்டை ஓடியிருந்தா, இந்நேரம் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்திருப்போம்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாரத்தான் நடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோவிலில் காலைப் பூசை முடிந்ததும் ஸ்ரீரங்கம் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். வைதேகி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். ஊன்றுகோல்கள் பக்கத்தில் கிடந்தன. எதிர்ச் சுவரில் கடிகாரம். எட்டு மணி.

"இந்நேரம் முப்பதாவது கிலோமீட்டர்ல இருப்பேன்" என்றார்.

என்ன வேகத்தில் ஓடுவார், எப்போது எங்கே இருப்பார் என்று மாதக்கணக்கில் கணக்குப் போட்டு வைத்திருந்தவர். கணக்கு டீச்சர் வேறு. கணவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். வாழைப்பூவின் ஒவ்வொரு மடலாக உரித்துக்கொண்டே, அவ்வப்போது கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "முப்பத்திரண்டு" என்றார். சற்றுப் பொறுத்து, "முப்பத்தஞ்சு." நான் காபியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. "முப்பத்தெட்டு" என்றார். அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. ஒன்பதரை ஆயிற்று. முறத்தை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் கையில் ஒட்டிய கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடைபெற்றுக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்களுக்கு ஒன்று சொல்வேன். நோயாளியின் ஆசையை நாம் பழகிக்கொள்கிறோம். அது வெளிப்படையாக எதிரே உட்கார்ந்திருக்கும், அதோடு பேசலாம், வாதாடலாம். நம்முடைய ஆசை அப்படி இல்லை. அது அனுபவம் மாதிரியும், பரிவு மாதிரியும் வேஷம் போட்டுக்கொண்டு நம் வாயாலேயே பேசும். ஒருவருக்கு 'சரி' என்று சொல்லும்போது உங்களுக்கும் சேர்ந்து மனம் குளிர்ந்தால், அந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இன்னொரு தடவை காலைத் தொட்டுப் பாருங்கள். கூட வந்தவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. அதன் பிறகு வைதேகி இரண்டு முறை இருபத்தொரு கிலோமீட்டர் ஓடியிருக்கிறார். நாற்பத்திரண்டை இன்னும் ஓடவில்லை. ஒரு வருடம் கணவருக்கு நெஞ்சு வலி, இன்னொரு வருடம் பள்ளிக்கூடத்தில் விடுப்பு கிடைக்கவில்லை, நடுவில் கொரோனா. எலும்புக்கு ஒரு குறையும் இல்லை. ஐம்பத்திரண்டு வயதாகிறது. வருகிற ஜனவரிக்குப் பெயர் கொடுத்திருப்பதாகப் போன மாதம் சொன்னார். போவார் என்றும் போகமாட்டார் என்றும் நான் நினைப்பதில்லை. பெயர் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு வருவது வேறொரு காலை. விரிசல் கூடி, தசைக்குப் பலம் வந்து, மறு ஸ்கேனும் பார்த்து, டாக்டர் ஓட அனுமதித்த முதல் நாள். ஏப்ரல் மாதம். ஒரு கல்லூரி மைதானத்துக்கு அனுமதி கேட்டுக்கொண்டு போயிருந்தோம். ஒரே ஒரு நிமிடம்தான் ஓட வேண்டும், அதற்கு மேல் இல்லை என்பது பேச்சு. நான் கையில் கடிகாரத்தோடு நின்றேன்.

முதல் பத்தடி விறைப்பாக ஓடினார், உடையக்கூடிய எதையோ தூக்கிக்கொண்டு போகிறவர்போல. பிறகு தோள் இறங்கியது. கை தானாக வீசியது. கால் மண்ணில் படும் சத்தம் ஒரே சீராக வந்தது. அப்படி ஒரு சத்தத்தை அவ்வளவு கிட்டத்தில் கேட்டு எனக்கு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"போதும் டீச்சர்!" என்று கத்தினேன்.

உடனே நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார். நான் என் முட்டியோடு மெதுவாக நடந்து அவர் அருகில் போய்ச் சேர்ந்தேன். முகமெல்லாம் நனைந்திருந்தது. வியர்வைக்கு ஒரு நிமிடம் போதாது.

"வலிச்சுதா?"

"இல்லே."

"நிஜமா சொல்லுங்க."

"பெருமாள் சத்தியமா இல்லே." மூச்சு வாங்கியது. "மேடம், இன்னும் ஒரே ஒரு நிமிஷம் தாங்கோளேன்."

வலி இல்லை. நடையில் கோணல் இல்லை. காலை நேரம், வெயில் ஏறவில்லை, மைதானம் காலியாக இருந்தது. 'சரி' என்ற சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. எனக்கும் அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருந்தது.

"இல்ல டீச்சர்" என்றேன். "நாளை மறுநாள்."

அவர் வாதாடவில்லை. மைதானத்தின் மறுகோடியில் வேப்பமரங்கள் வரிசையாக நின்றிருந்தன. அது வரைக்கும் வெறும் செம்மண், குறுக்கே ஒன்றுமே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, நடந்து திரும்பினோம்.